ஒற்றைப் பக்கமா, முழுத் தளமா?

தம் வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பும் சிறு தொழில்காரரிடம், வெப்சைட் செய்து தருவதாக வருகிறவர்கள் முதலில் நீட்டுவது, ஐந்து பக்கத்துக்கு இன்ன தொகை, பத்துப் பக்கத்துக்கு இன்ன தொகை என்று கணக்கிட்ட விலைப்பட்டியலைத்தான். சரக்கை வாங்க வருகிறவர் யார், எதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் பணத்தை எடுப்பார் என்ற விசாரணைக்கு அதில் இடமே இல்லை. அந்த விசாரணையைச் செய்யாமல், முழுத் தளம் வேண்டுமா, லேண்டிங் பேஜ் எனப்படும் ஒற்றைப் பக்கம் போதுமா என்று நிர்ணயிப்பது வீண் செலவிலேயே போய் முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். அதன் ருசியைப் பற்றித் தமிழ்நாட்டில் எவருக்கும் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியமில்லை. பாக்கெட்டின் எடை என்ன, விலை என்ன, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பார்சல் எப்போது வந்து சேரும், அனுப்பும் செலவு யாருடையது என்ற நாலைந்து விஷயங்களே வாங்குபவருக்குத் தெரியவேண்டும். இவற்றைத் தெளிவான தமிழில் எழுதி, நல்ல புகைப்படம் ஒன்றைச் சேர்த்து, உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க உரிம எண்ணையும் குறிப்பிட்டு, ஆர்டர் கொடுக்கும் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டால், அந்த ஒரு பக்கமே காரியத்தைச் சாதித்துவிடும். தீபாவளிக்கு விளம்பரம் செய்யும்போது இதன் அனுகூலம் இன்னும் விசேஷமானது. விளம்பரத்தின் தரத்தை மதிப்பிடுகையில் கூகுள் நிறுவனம், மக்கள் அதைச் சொடுக்கக்கூடிய வாய்ப்பையும், தேடலுக்கு அது பொருந்துவதையும் மட்டுமன்றி, சொடுக்கியவர் சென்று சேரும் பக்கத்தின் பயனையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஒவ்வொரு சொடுக்குக்கும் பணம் கொடுத்து வரவழைத்தவரைப் பத்துப் பக்கத் தளத்தின் முகப்பில் விட்டு, வேண்டியதைத் தேடிக்கொள்ளச் சொல்வது, விருந்துக்கு அழைத்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால், கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு பட்டறைக்கு இதே யோசனையைச் சொல்வது அநியாயம். ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்கும் விவசாயி, தம் கிணற்றின் விட்டத்துக்குள் அது இறங்குமா, தண்ணீர் நிற்கும் ஆழத்திலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தூக்கும், அதற்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, பைப்பின் அளவு என்ன, காயில் எரிந்துபோனால் பக்கத்தில் எந்த ஊரில் சர்வீஸ் கிடைக்கும் என்று அத்தனையையும் அறிந்த பிறகே பெருந்தொகையை எடுப்பார். வெளிமாநிலத்திலிருந்து மொத்தமாக வாங்க நினைக்கும் டீலரோ, ஸ்தாபனத்தின் பூர்வ விருத்தாந்தம், தரச் சான்று, உதிரிபாகங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்தே நம்பிக்கை கொள்வார். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எதுவும் எவர் கண்ணுக்கும் புலப்படாது. மாடலுக்கொரு பக்கம் இருந்தால், அந்த மாடலைக் கூகுளில் தேடுபவர் நேரே அங்கேயே வந்து சேர்வதற்கும் வழி பிறக்கும். அத்தகைய தொழிலுக்கு முழுத் தளம் இன்றியமையாத சாதனம்.

எனினும், முழுத் தளம் என்பது நித்திய பராமரிப்பை வேண்டுவது. போன வருஷத்து விலையும், மாறிப்போன போன் நம்பரும், நிறுத்திவிட்ட சரக்கின் படமும் தங்கிக் கிடக்கும் தளத்தைப் பார்ப்பவருக்கு, அந்த வியாபாரமே நின்றுவிட்டதோ என்ற சந்தேகம் எழுவது சகஜம். கவனிக்க ஆள் இல்லாத பத்துப் பக்கங்களைவிட, மாதந்தோறும் சரிபார்க்கப்படும் ஒரு பக்கம் மேலானது. ஆரம்பத்தில் ஒரு பக்கத்தை நன்றாக அமைத்து, போனில் வாடிக்கையாளர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்து, அடிக்கடி வரும் கேள்விக்கு ஒரு பக்கம் என்று சேர்த்துக்கொண்டே போனால், தளம் தேவைக்கேற்ப வளரும். செலவும் சக்திக்கு மீறாது.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு கடமைகளிலிருந்து விலக முடியாது. முதலாவது, சட்டம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் முகவரியையும் குறைதீர்க்கும் அலுவலரின் விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ஒற்றைப் பக்கம்தானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இரண்டாவது, உரிமை. இணைய முகவரியான டொமைன் பெயரைத் தளம் செய்து கொடுப்பவர் தம் பெயரில் பதிந்துகொண்டு, பிற்காலத்தில் மனஸ்தாபம் நேர்ந்தால் அதைத் திருப்பித்தர மறுப்பாரானால், அச்சடித்த அட்டைகளிலும் பாக்கெட்டுகளிலும் உள்ள முகவரி அத்தனையும் பயனற்றதாகிவிடும். ஆதலால், பதிவு வியாபாரியின் சொந்தப் பெயரிலும், அவர் தம் கைவசம் வைத்திருக்கும் மின்னஞ்சலிலுமே இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் தேதியும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நம் சிறு தொழில்காரர்கள் சரக்கின் தரத்தில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். தளம் அமைக்கும் விஷயத்தில் அவர்களுக்கு நடுநிலையான ஆலோசனை கிடைக்காததே குறை. மாவட்டத் தொழில் மையங்களும் வணிகர் சங்கங்களும் தாம் நடத்தும் பயிற்சிகளில், எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன்னால் வாங்குபவரின் கேள்விகள் எவை என்று எழுதிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்பிக்க முன்வர வேண்டும்.