சாரலில் பிழைக்கும் தேரை

தோலைப் பற்றி ஆலங்காயத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, குரோம் ஏற்றி, அழுகாமல் நிலைக்கச் செய்யும் தொழில் அது. தவளைக்கோ தோல் உயிரோட்டமுள்ள உறுப்பு. தவளை தண்ணீரைத் தோலால்தான் உறிஞ்சுகிறது. நுரையீரலோடு தோலாலும் மூச்சு விடுகிறது. குட்டையில் எது கலந்தாலும் அதன் உடம்புக்குள் போய்விடும்.

அந்தத் தோலில்தான் கைட்ரிட் என்ற பூஞ்சை வந்து பற்றுகிறது. உடம்பின் உப்புச்சத்து நிலைகுலைந்து, இதயம் நின்று தவளை சாகிறது. உலகெங்கும் 501 நீர்நில வாழ் இனங்கள் இதனால் சரிந்தன, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. காடு முழுக்க மருந்தடித்து இதை ஒழிக்க முடியாது. உயிரியல் பூங்காக்கள் களமிறங்கியது அதனால்தான். 2006-இல் இதற்கெனவே ஆம்பிபியன் ஆர்க் என்ற அமைப்பு உருவானது. 2008-ஐத் தவளை ஆண்டாக அறிவித்தார்கள்.

அதற்கு முன்பே பூங்காக்களில் ஒரு பெரிய சோதனை நடந்திருந்தது.

தான்சானியாவில் கிஹான்சி என்ற அருவி. அதன் சாரல் விழும் சிறு நிலப்பரப்பில் மட்டுமே கட்டைவிரல் நகமளவு மஞ்சள் தேரை ஒன்று வாழ்ந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் இனம். 1999-இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. மறு ஆண்டே மின்சாரத்துக்காகக் கட்டிய அணை அருவி நீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டது. சாரல் நின்றது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்கா 499 தேரைகளை எடுத்துச் சென்றது. அவற்றுக்கு ஏற்ற வெளிச்சமும் சிறு பூச்சித் தீனியும் பிடிபடுவதற்குள் பெரும்பாலானவை செத்தன. பிராங்க்ஸ், டொலேடோ பூங்காக்களின் பணியாளர்கள் விடவில்லை, எஞ்சியவற்றைப் பெருக்கினார்கள். 2009-இல் இயற்கையில் அழிந்த இனமாக அது அறிவிக்கப்பட்டது. 2012-இல் அதே இடத்தில் மீண்டும் விடப்பட்டது. அங்கே இப்போது குழாய் போட்டுச் செயற்கைச் சாரல் தெளிக்கிறார்கள்.

அமெரிக்கப் பூங்காக்கள் காப்பாற்றியது தேரையை. அருவியை அவற்றால் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே பூங்கா வேலையும் நீர்நிலை வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். இந்தியாவிலும் தொடக்கம் உண்டு. டார்ஜிலிங் பத்மஜா நாயுடு பூங்கா இமயமலை சாலமாண்டரைப் பேணுகிறது. சாலி வாக்கர் தொடங்கி, கோவையில் இயங்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பு நம் பள்ளிப் பிள்ளைகளிடமும் பூங்காக்களிடமும் இந்தச் சிற்றுயிர்களுக்காகப் பேசிவந்தது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் அரசு நிறுத்தியதும் பெரிய காரியம்.

நம் ஜவ்வாது மலையிலேயே அமிர்தியில் ஒரு பூங்கா இருக்கிறது. மான்களைக் காணப் பிள்ளைகள் வரும் அந்த இடத்தில் ஒரு தவளைக்கூடமும் வேண்டும். இந்த மலையின் ஓடைகளிலும் அடிவாரத்து ஏரிகளிலும் எந்தெந்த இனம் கத்துகிறது என்று மழைக்காலந்தோறும் கணக்கெடுக்கும் பொறுப்பையும் அதற்கே தரலாம். பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்து, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்ற மண் இது. அந்தத் தீர்ப்பு மனிதர்களின் குடிநீருக்காக வந்தது. அதே தண்ணீரைத் தோலால் குடிக்கும் தவளைக்கும் அதில் பங்கு உண்டு.