வொஷிங்டன் உத்தரவிட முடியாத இடம்

அமெரிக்காவில் விசா இல்லாமல் தங்கியிருப்போரைப் பிடிக்கச் சில நகரங்களின் பொலிஸார் உதவ மறுக்கிறார்கள். ஜனாதிபதி ட்ரம்ப் சீறுகிறார். இவ்வளவு பலமான ஜனாதிபதியால் ஒரு நகரசபைக்கு உத்தரவிட முடியாதா என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். முடியாது. அவர்களது அரசியலமைப்பு அப்படி.

சமஷ்டி அரசுக்கு வழங்கப்படாத, மாநிலங்களுக்குத் தடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791இல் சேர்க்கப்பட்ட 10ஆவது திருத்தம். அதன் பலத்தைக் காட்டியது 1997இல் வந்த ஒரு தீர்ப்பு. கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்ப் பொலிஸ் தலைவர்கள் ஆராய வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியிருந்தது. மொன்டானா மாநிலத்து ஷெரிப் பிரின்ட்ஸ் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். சமஷ்டி அரசின் வேலையை மாநில அதிகாரிகளின் தலையில் கட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் பழைமைவாதி ஸ்கலியா. அன்று மகிழ்ந்தவர்கள் துப்பாக்கி ஆதரவாளர்கள். இன்று அதே தீர்ப்பைக் குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரங்கள் கையில் எடுத்திருக்கின்றன. வேடிக்கைதான்.

உத்தரவிட முடியாவிட்டால் காசை நிறுத்தலாமே? அதற்கும் எல்லை உண்டு. மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்துக்கு ஏற்கனவே கிடைத்துவரும் நிதியையும் பறிப்போம் என்பது வற்புறுத்தல் என்று 2012இல் தீர்ப்பானது. வழக்குத் தொடுத்த நகரங்களின் நிதியை நிறுத்துவதற்கு 2025 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை விதித்தார்.

ஆனால் மாநிலம் நம் பக்கம் நின்றால் போதும் என்று முஸ்லிம்கள் நினைத்துவிடக் கூடாது. 2017இல் ட்ரம்ப் முஸ்லிம் நாடுகள் பலவற்றிலிருந்து வருவோரைத் தடுத்தபோது ஹவாய் மாநிலமே வழக்காடியது. 2018இல் 5க்கு 4 என்று தோற்றது. நாட்டுக்குள் யாரை விடுவது என்பது மத்தியின் அதிகாரம். விமான நிலையத்தில் நிற்பவர்களும் மத்தியின் அதிகாரிகளே. அங்கே மாநிலத்தின் ஒத்துழைப்பு தேவைப்படவில்லை. அடைக்கலம் தரும் நகரத்திலும் மத்தியின் குடிவரவு அதிகாரிகள் தாங்களாகவே வந்து கைது செய்யலாம். நகரம் தன் ஆட்களை அனுப்ப மறுக்கலாம், அவ்வளவுதான்.

நம் நாட்டிலோ 13ஆவது திருத்தத்தின்படி எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுப்பது மத்தியின் பட்டியலில் இருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு நடக்கவில்லை. மாகாணங்களை நடத்துவது ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள். மத்திக்கு மறுப்புச் சொல்ல, மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் அங்கே இல்லை.