எங்கள் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்



நாங்கள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருக்கும் அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகள். எங்கள் ஒவ்வொருவர் கூடவும் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் பிறந்திருக்கிறார். சிலருக்கு டவுன் சிண்ட்ரோம். சிலருக்குப் பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பாதிப்பு. சிலருக்குக் காரணமே இன்றுவரை தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கூடுகிறோம். மனசு விட்டு அழ ஓர் இடம் வேண்டும் என்றுதான் முதலில் கூடினோம். இப்போது எந்தப் பல் டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார், எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறோம். இந்த வேண்டுகோளையும் அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதினோம்.

பெண் பார்க்க வருகிறார்கள். காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்ததும் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "அப்பா அம்மா காலத்துக்குப் பொறவு இந்தப் பையனை யாரு பாத்துக்கிடுவா?" கேட்டது தப்பில்லை. அந்த நிமிஷம் வீட்டிலிருக்கும் எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் விழுகிறதே, அதுதான் எங்களுக்குக் கனக்கிறது. எங்களில் ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அண்ணனைப் பின்கட்டில் உட்காரவைத்து, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டிவியைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். கல்யாணம் நடந்தது. அவளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. சாத்திய அந்தக் கதவைப் பற்றி எங்கள் கூட்டத்தில்தான் முதல்தடவையாக வாய் திறந்தாள். சம்பந்தம் பேசுகிற பெரியவர்களை முதலில் கேட்டுக்கொள்கிறோம்: எங்கள் கூடப்பிறந்தவர்களை மறைக்க வேண்டிய நிலையில் எங்களை வைக்காதீர்கள். தாம்பூலம் மாற்றும்போது அவரும் சபையில் இருக்கட்டும்.

எங்கள் பெற்றோருக்கு வயதாகிறது. எழுபத்தைந்து வயதுத் தாய், ஐம்பதை நெருங்கும் மகனுக்கு இன்னும் சவரம் செய்துவிடுகிறாள். ஒரு காலத்தில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் இருபத்தைந்து வயதைத் தாண்டுவதே அரிது. இதய அறுவை சிகிச்சையும் மருந்துகளும் பெருகிய பிறகு அறுபது வரை வாழ்கிறார்கள். இது எங்களுக்குச் சந்தோஷமான சேதி. ஆனால் முதுமையும் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. தைராய்டு கோளாறு வருகிறது, பார்வையும் செவியும் மங்குகின்றன, மற்றவர்களுக்கு எழுபதுக்கு மேல் வரும் மறதி நோய் இவர்களில் பலருக்கு ஐம்பதுகளிலேயே தொடங்குகிறது. நேற்றுவரை தானே சட்டை பொத்தான் போட்டவர் இன்று பொத்தானைப் பார்த்தபடி நிற்கிறார். "அடம் பிடிக்கான்" என்கிறார்கள். அது அடமில்லை.

வலியை வாயால் சொல்லத் தெரியாதவருக்கு வைத்தியம் பார்ப்பது தனிப் பாடு. எங்களில் ஒருவரின் தம்பி மூன்று வாரம் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தார். கூட்டிப்போன ஆஸ்பத்திரியில், "இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று சொல்லித் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் அக்காதான் அவர் தலையை மடியில் வைத்து, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். கடைவாய்ப்பல் சொத்தையாகி ஈறு சீழ் கட்டியிருந்தது. டாக்டர்களே, நர்ஸ் அக்காமாரே, குறைபாட்டுக்குள்ளே ஒரு பல்வலியும் இருக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள். நடத்தை திடீரென்று மாறினால், "போன மாசம் எப்படி இருந்தான்?" என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

எங்கள் முக்கியமான வேண்டுகோள் இனிமேல்தான் வருகிறது. அதற்குப் பணம் வேண்டாம்.

ஊராரே, எங்கள் கூடப்பிறந்தவர்களை நீங்கள் நேரடியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது எங்கள் வழியாகத்தான் தெரிகிறது. கடையில் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே எங்களைப் பார்த்து, "அவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறீர்கள். கோயில் கொடையில், "உங்க அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று எங்களிடம் விசாரிக்கிறீர்கள். பாசத்தில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனாலும் அவரைப் பார்த்துக் கேளுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், சில சமயம் வராமலே போகும், தலையசைப்பு மட்டும் வரும். அதுவும் பதில்தான். நாங்கள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், ஒரு விபத்தில் மாட்டினால், அவரை அறிந்த ஆள் ஊரில் இன்னொருவர் இருக்க வேண்டாமா?

போன வருஷம் எங்களில் ஒருவரின் அண்ணன் மினி பஸ்ஸில் மாறி ஏறிப்போய்விட்டார். வீட்டில் ஒரே அலறல். போலீசுக்குப் போட்டோ போனது, வாட்ஸாப்பில் சுற்றியது. அதற்குள் கடைசி நிறுத்தத்தில் இருந்த டீக்கடைக்காரர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, வடை வாங்கிக்கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். எப்படி அடையாளம் தெரிந்தது? அந்தக் கடைக்காரர் முன்பு அந்த அண்ணன் வீட்டுத் தெருமுனையில் கடை வைத்திருந்தவர். தினமும் காலையில் "வாரும் ஓய்" என்று அண்ணனை வரவேற்று, ஆற்றிய டீ கொடுத்தவர். நம்பர் அவர் நோட்டில் இருந்தது. இப்படி ஒருவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். சலூன்காரர், ரேஷன் கடைக்காரர், கண்டக்டர், பூசாரி, பாதிரியார், ஹஸ்ரத், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் தம்பிகள், எல்லாரையும்தான். கண்டக்டர்களே, சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "ஓசியா?" என்று கேட்காதீர்கள். அவருக்குப் புரியும். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டார்.

'லூசு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 'சாமி பிள்ளை' என்றும் வேண்டாம். அவர் அருள் வாக்கு சொல்வதில்லை, அவரை வணங்கினால் புண்ணியமும் இல்லை. அவருக்குக் கோபம் வரும், கல்யாண வீட்டு மேளச் சத்தம் பிடிக்கும், ஐஸ் பிடிக்கும், சில ஆட்களைப் பிடிக்காது. அவருக்கு இருப்பது மனநோயும் அல்ல. மனநோய் இடையில் வரும், பெரும்பாலும் மருந்தில் அடங்கும். இது வளரும் காலத்திலேயே வந்த குறைபாடு. பழக்கினால் எத்தனையோ கற்றுக்கொள்வார், தன் வேகத்தில்.

பெற்றோர்களே, உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறோம். "நான் கண்ணை மூடுமுன்னே அவன் போயிரணும்" என்று நீங்கள் சொல்லும்போது பக்கத்து அறையில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கும் கேட்கிறது. அந்தப் பிரார்த்தனையை விடுங்கள், எங்களிடம் பேசுங்கள். எங்களால் முடியுமா என்று கேளுங்கள், எவ்வளவு முடியும் என்றும் கேளுங்கள். மூத்த மகள்தானே பார்ப்பாள் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். இளையவன் சென்னையில் இருந்தாலும் மாதத்தில் ஒரு வாரம் அவன் பங்கு.

காகித வேலையையும் நீங்கள் இருக்கும்போதே முடியுங்கள். பிள்ளை பதினெட்டு வயது தாண்டிய பிறகு பெற்ற தாய் தகப்பனே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று கிடைக்கும். கோர்ட் படியேற வேண்டாம். கூடப்பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். காப்பாளரானவர் தன் பொறுப்பில் உள்ளவரின் சொத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அது நல்லதுதான், நாங்கள் அதைச் சுமையாக நினைக்கவில்லை. தமிழ்நாடு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவைத் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நீங்கள் அரசுப் பணியில் இருந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரையும் இப்போதே பதிந்துவையுங்கள். நீங்கள் போன பிறகு அதைப் பதிய அலைவது எவ்வளவு பாடு என்பது எங்களில் சிலருக்குத் தெரியும்.

பங்காளிகளே, சொத்துப் பிரிக்கும்போது "அவனுக்கு எதுக்குப் பங்கு, சோறு போட்டாப் போதாதா" என்ற பேச்சு எங்கள் பல வீடுகளில் நடந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில், நோயோ குறையோ ஊனமோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போய்விடாது என்று தெளிவாக இருக்கிறது. அவர் பங்கு அவருடையது. சோறு போடுவது தனி.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் 15 லட்சம் பேர் என்று வந்தது. அவர்கள் சிறுவர்களாக இருக்கும்வரை சிறப்புப் பள்ளி என்று ஒன்றாவது உண்டு. பதினெட்டுக்குப் பிறகு பெரும்பாலும் வீடுதான், நான்கு சுவர்தான். பேரூராட்சியாரிடமும் ஊராட்சித் தலைவர்களிடமும் கேட்கிறோம்: மாலை வரை இருந்து ஊதுபத்தி உருட்டவும், கவர் ஒட்டவும், செடிக்குத் தண்ணீர் விடவும், சும்மா இருக்கவும் ஓர் இடம். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தில் பாதியைக் கொடுத்தாலும் போதும். வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆபரேஷன் என்றால் நான்கு நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும். எங்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது, தம்பியை எங்கே விடுவது என்ற கவலை வலியைவிடப் பெரிதாக இருந்தது என்றாள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். மத்திய அரசு 2018இல், மாற்றுத்திறனாளியான சகோதர சகோதரியைப் பராமரிக்கும் தன் ஊழியருக்கும் வழக்கமான இடமாறுதலிலிருந்து விலக்குக் கேட்க வழி செய்தது. பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்ல, கூடப்பிறந்தவருக்கும் என்று எழுத்தில் வந்த அன்று எங்கள் கூட்டத்தில் சிலர் அழுதுவிட்டார்கள். உங்கள் கம்பெனியிலும் கடையிலும் இப்படி ஓர் அக்கா, ஓர் அண்ணன் வேலை பார்க்கலாம். அவர் மாதத்தில் ஒரு நாள் அவசர லீவு கேட்டால், "உன் பிள்ளையா அது?" என்று கேட்காமல் கொடுங்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். யாரும் அதிகம் போகாத வீடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அவர் வெளியே ஓடிவிடாமல் இருக்க, தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் மாற்றிப் போட்டிருப்போம். ஸ்டூல் போட்டு ஏறித்தான் திறக்க வேண்டும். நின்று, அவர் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிடுங்கள்.