ரெக்கார்டு நோட்டும் ராஜா கதையும்



சிம்பிள் பெண்டுலம் பரிசோதனையில் விடை 9.8 வரவேண்டும். நமக்கு 8.9 வருகிறது. என்ன செய்கிறோம்? "விடுறா மாப்ளே, விடையை வெச்சு ரீடிங் போட்டுக்கலாம்!" பென்சிலும் ரப்பரும் வேலை செய்கின்றன. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது.

ராஜாக்களின் சரித்திரமும் இப்படித்தானோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது ஒரு புத்தகத்தால். ஆன் கரி என்ற ஆங்கிலேயப் பேராசிரியை அஜின்கோர்ட் போரைப் பற்றி 2005-ல் எழுதியது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன்.

1415 அக்டோபர் 25. வடக்கு பிரான்ஸில் இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கதை கட்டியதெல்லாம் எண்ணிக்கையில்தான். பசியாலும் வயிற்றுப்போக்காலும் வாடிய 6,000 பேர், 30,000 பேரை வென்றார்களாம். 60,000 என்று எழுதியவரும் உண்டு! ஷேக்ஸ்பியர் நாடகத்தில் செத்த பிரெஞ்சுக்காரர்கள் 10,000. ஆங்கிலேயர் வெறும் 29. உலகப்போர் நடந்த 1944-ல் லாரன்ஸ் ஒலிவியர் அதைச் சினிமாவாக்கி மக்களுக்குத் தெம்பூட்டினார்.

கரி அம்மையார் நாடகத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தார். ஹென்றியுடையது சம்பளப் படை. கவச வீரனுக்கு ஒரு நாளைக்கு 12 பென்னி, வில்லாளிக்கு 6 பென்னி. காசு கொடுத்தால் கணக்கு இருக்குமே! ஒப்பந்தங்கள், ஆள் பட்டியல்கள், நோயாளிகளாக ஊர் திரும்பியவர்களின் பட்டியல் எல்லாம் பத்திரமாக இருந்தன. சிவில் பசங்களுக்குச் சட்டென்று புரியும்: நம்ம மஸ்டர் ரோல்தான்! ஹார்ஃப்ளூர் முற்றுகையில் நோயில் விழுந்தவர்களையும், அங்கே காவலுக்கு விட்ட 1,200 பேரையும் கழித்துப் பார்த்தார். ஆங்கிலேயர் சுமார் 9,000, பிரெஞ்சுக்காரர் சுமார் 12,000. ஐந்துக்கு ஒன்று எங்கே, நாலுக்கு மூன்று எங்கே!

"அப்போ அவங்க வீரமெல்லாம் பொய்யா?" என்றான் என் ரூம்மேட். இல்லை நண்பா. முந்தின இரவு பெய்த மழை, புதிதாக உழுத வயல், இருபுறமும் காடு. அந்தக் குறுகிய இடத்தில் இரும்புக் கவசத்தோடு சேற்றில் நடந்து வந்தவர்கள் மேல் அம்புமழை. ஜெயித்தது மனிதர்கள்தான். ஆனால் மண்ணும் மழையும் கூட நின்றன. அவற்றுக்கும் உரிய மார்க்கைக் கொடுப்பதில் வீரத்துக்கு என்ன குறைச்சல்?

அவன் விடவில்லை. "இந்தம்மா கணக்கு மட்டும் சரின்னு என்ன நிச்சயம்? மஸ்டர் ரோல்ல வராத ஆளுக்கும் பேர் இருக்குமே!" நியாயமான கேள்வி. பிரெஞ்சுப் பக்கம் இவ்வளவு முழுசான கணக்கு கிடையாது. கிளிஃபோர்ட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிரெஞ்சுப் படை இதைவிட மிகப் பெரியது என்று வாதாடுகிறார். வாதாடட்டும்! அந்த அம்மையார் தன் ரீடிங்கை மேஜைமேல் விரித்து வைத்திருப்பதால்தானே வாதாட முடிகிறது? கதை கட்டியவர்களிடம் விடை மட்டும்தான் இருந்தது, ரீடிங்கே இல்லை.

தோழர்களே, நாளைக்கு கான்கிரீட் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நாம். அங்கேயும் விடையை முதலில் எழுதினால், பாலம் நம்மிடம் வைவா கேட்காது, விழுந்துதான் காட்டும்.

புத்தகத்தை முடித்த மறுநாள் லேபுக்குப் போய் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். முதல் அலைவை எண்ணாமல் விட்டிருக்கிறேன். 20 அலைவு என்று நினைத்தது உண்மையில் 21! திருத்திக் கணக்குப் போட்டால் 9.8 வந்து நிற்கிறது. ரப்பர் போட்டு அழித்திருந்தால் அந்தத் தப்பு என்னோடு சைட் வரைக்கும் வந்திருக்கும்.

ரப்பரைக் கீழே வைப்போம். சிந்திப்போம்!