வேலி போட்டால் நோய் நிற்குமா?

மணியாச்சியில் இருந்து தூத்துக்குடிக்கு ரெயிலில் போனால், வழியில் தட்டப்பாறை என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பெட்டியில் இருப்பவர்கள் மூட்டை முடிச்சுகளைச் சரிபார்க்கத் தொடங்கி விடுவார்கள். தூத்துக்குடி வரப் போகிறது அல்லவா!

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே வேறு காட்சி.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட ஏழைகளை, கப்பல் ஏறும் முன் அங்கே ஒரு முகாமில் தங்க வைத்தார்கள். முகாமை நடத்தியது இலங்கை சர்க்கார். பிறகு மண்டபத்திலும் இப்படி ஒரு பெரிய முகாம் வந்தது.

எதற்காக? காலராவுக்கும், அம்மைக்கும், பிளேக்குக்கும் பயந்து!

யாரிடம் நோய் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாது. ஆகவே எல்லோரையும் அடைத்து வை. சில நாள் பார். யாரும் படுக்கையில் விழவில்லை என்றால் கப்பலில் ஏற்று. இதுதான் அன்றைய முறை. துரைமார்களுக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. கிருமி என்ன, டிக்கெட்டைப் பார்த்துவிட்டா வரும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பரிசோதனைக்கூடம் ஒழுங்காக வேலை செய்கிற ஊரில் வேலி குறையும். பரிசோதனைக்கூடம் தூங்குகிற ஊரில் வேலி வளரும்.

வேலி என்றால் முள்வேலி மட்டும் அல்ல. "கடலுக்குப் போகாதே, கடையைத் திறக்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதே" என்ற உத்தரவும் வேலிதான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிறவன்தான் அதில் முதலில் மாட்டிக்கொள்கிறான்.

முத்தும் காலராவும்

தூத்துக்குடிக் கரைக்கு இந்தப் பயம் பழையது. முத்துக்குளிப்பைச் "சலாபம்" என்பார்கள். சலாபம் நடக்கிற ஆண்டில், வெறும் மணல்வெளி திடீரென்று ஊராக மாறி விடும். குளிக்கிறவர்கள், படகோட்டிகள், வியாபாரிகள், வட்டிக்குக் கொடுப்பவர்கள், சோறு விற்பவர்கள் என்று ஆயிரக் கணக்கில் வந்து ஓலைக் கொட்டகைகளில் தங்குவார்கள்.

சிப்பியை எடுத்தவுடன் முத்து கைக்கு வந்து விடாது. சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகிக் கரைந்த பிறகு கழுவி முத்தை எடுப்பார்கள். நாற்றம் நெடுந்தூரம் அடிக்கும். ஈ மொய்க்கும். நல்ல தண்ணீர் அரிது. கழிப்பிடம் என்பது அதே கடற்கரைதான். காலராவுக்கு இதைவிட வேறு விருந்து வேண்டுமா?

சலாபம் நடத்திய அதிகாரிகளுக்குச் சுறா மீனை விடக் காலரா மீதுதான் பயம் அதிகம். ஒருவன் வாந்திபேதியில் விழுந்தான் என்ற செய்தி போதும், கூட்டம் கலைந்து விடும். மன்னார் வளைகுடாவில் காலரா புகுந்து, சலாபம் பாதியில் நின்றதும் உண்டு. முத்து கடலுக்கு அடியிலேயே கிடக்கும். கடன் வாங்கி வந்தவன் கடனோடு திரும்புவான்.

தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு அந்த வாழ்வு முடிந்தது.

ஊருக்குள்ளும் அந்த நாளில் தண்ணீர்ப் பஞ்சம்தான். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டில் இருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வந்தார். அந்தக் குழாய் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்குப் போட முடியாது.

காலராவுக்குக் காரணமான கிருமியை 1884-ல் கல்கத்தாவில் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் உறுதி செய்தார். எழுத்தில் போடுகிற கமாவைப் போல வளைந்த கிருமி. செத்தவர்களின் குடலிலும் அதைப் பார்த்தார். அவர்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் பார்த்தார்.

கிருமியைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால், எல்லோரையும் அடைத்து வைப்பானேன்? யாரிடம் கிருமி இருக்கிறதோ அவருக்கு வைத்தியம் செய். எந்தக் கிணற்றில் இருக்கிறதோ அதை மூடு. மற்றவர்கள் வேலைக்குப் போகட்டும்!

ஒரு குழாயின் பயணம்

பரிசோதனைக்கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அந்த வேலை நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

மீனவர் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகிறது. தாய் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறாள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கிறார்கள். உயிரைக் காப்பது அந்த நீர்தான். பரிசோதனையைக் காரணம் காட்டி அதை ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப் போடக் கூடாது.

ஆனால் கிருமியைக் கொல்லும் மாத்திரை உள்ளே போவதற்கு முன், மலத்தில் கொஞ்சம் எடுத்தாக வேண்டும். "பிறகு எடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். மாத்திரை கிருமியை அடக்கி விடும். பரிசோதனையில் ஒன்றும் வளராது. "காலரா இல்லை" என்று தாள் வரும். ஆனால் அந்தத் தெருக் கிணற்றில் காலரா இருக்கும்!

எடுத்ததை வெறும் டப்பாவில் போட்டால் காய்ந்து போகும். அதற்கென்று "கேரி பிளேர்" என்ற கூழ் அடைத்த சிறு குழாய் இருக்கிறது. அதில் வைத்தால் கிருமி உயிரோடு போய்ச் சேரும். குழாயின் மேல் பெயர், ஊர், தேதி எழுத வேண்டும். பிறகு அதை மாவட்டப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே தட்டில் தடவி ஓர் இரவு வளர விடுவார்கள். காலராக் கிருமியானால் மறுநாள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். அதையும் மேலும் சோதித்துத்தான் உறுதி சொல்வார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு மூன்று நாளில் பதில் வந்து விடும். நடுவில் குழாய் இருப்பு இல்லை, வண்டி இல்லை, மின்சாரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது என்று ஏதாவது ஒன்று தவறினால் போதும். எவ்வளவு விலை உயர்ந்த மைக்ராஸ்கோப்பும் கண் இல்லாத கண்ணாடிதான்.

இவற்றை எல்லாம் தவறாமல் நடத்துவதைத்தான் நிர்வாகம் என்கிறேன். அதற்கு யாரும் மாலை போடுவது இல்லை. கட்டடத் திறப்பு விழாவுக்குத்தான் மாலை!

புது வகைக் காலரா

ஒழுங்காகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1992-ல் அங்கே காலரா போன்ற நோய் பரவியது. கிருமியும் காலராக் கிருமி போலவே இருந்தது. ஆனால் வழக்கமான சோதனை மருந்தோடு கலந்தபோது அது திரளவில்லை. அதுவரை கொள்ளை நோயாகப் பரவிய காலரா எல்லாம் "ஓ-1" என்ற ஒரே வகை. அது திரளும். இது திரளவில்லை.

புத்தகத்தில் உள்ளபடி, "இது கொள்ளை நோய்க் காலரா அல்ல" என்று எழுதி மூடி விட்டிருக்கலாம். மூடவில்லை. அப்படியானால் இது என்ன என்று கேட்டார்கள். உலகம் அதுவரை அறியாத வகை அது! "ஓ-139" என்று எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையோரம் கண்டுபிடித்ததால் "பெங்கால்" என்ற பெயரும் சேர்ந்தது. சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் பரவி விட்டது. பழைய காலராவைத் தாங்கிப் பழகிய பெரியவர்களையும் அது விடவில்லை.

குவிந்த கண்ணாடிகள்

இதற்கு நேர்மாறான கதை மலேரியா.

1958-ல் நாடு முழுவதும் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். சுவரில் தேதி போட்டு விட்டுப் போனார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் சொல்வார்.

1965-ல் இந்தியா முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்தது சனியன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1976-ல் எத்தனை தெரியுமா? 64 லட்சம்!

கொசு மருந்துக்குப் பழகி விட்டது. மருந்தும் நேரத்துக்கு வரவில்லை. இவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. எடுத்த ரத்தக் கண்ணாடிகள், பார்க்க ஆள் இல்லாமல் சோதனைக்கூடங்களில் குவிந்து கிடந்தன. இவருக்கு மலேரியா என்று பதில் வந்தபோது, இவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டையும் பார்த்து முடித்திருந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கோ, சர்க்கார் ஏதோ செய்கிறது என்ற நம்பிக்கை.

பார்க்காத கண்ணாடி, எடுக்காத கண்ணாடியை விட மோசம் என்பேன்.

இப்போது என்ன நிலை? 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று விதப் படிவங்கள் வைத்தார்கள். கிராம நர்ஸ் சந்தேகப்படுவது ஒன்று. டாக்டர் கருதுவது ஒன்று. பரிசோதனைக்கூடம் உறுதி செய்வது ஒன்று. 2021 முதல் இந்தத் தகவல்கள் கம்ப்யூட்டர் வழியாகவே போகின்றன. நல்ல காரியம். ஆனால் மூன்றாவது படிவம் காலியாக இருந்தால், முதல் இரண்டும் வெறும் ஊகம்தான். கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஊகம் உண்மை ஆகி விடாது.

"நோயே இல்லாத மாதத்தில் பரிசோதனைக்கூடத்துக்கு எதற்குச் செலவு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தீயணைக்கும் வண்டியைத் தீப்பிடித்த பிறகா வாங்குகிறோம்? ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவரை வைத்து, அவர் கை பழகியதும் வீட்டுக்கு அனுப்பினால், கொள்ளை நோய் வரும் நாளில் யார் அந்தத் தட்டைப் பார்ப்பது?

இன்னொரு கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. "காலரா என்று வெளியே சொன்னால் எங்கள் மீனை யார் வாங்குவார்கள்?" இது வயிற்றுப் பாட்டுக் கேள்வி. அலட்சியம் செய்யக் கூடாது.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா என்று தெரிந்தபோது, அங்கே நிர்வாகம் மறைக்கவில்லை. பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறை விட்டது. ஊர் பயந்ததா? பயந்தது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயந்தது. தண்ணீரைக் காய்ச்சியது. மறைத்தால் மீன் இரண்டு நாள் அதிகம் விற்கும். மூன்றாம் நாள் வதந்தி வந்து மொத்த மீனையும் கரையில் அழுக விடும்.

கப்பல் வந்த நாள்

2020-ல் பழைய வேலி திரும்பி வந்தது. மார்ச் மாதம் நாடே அடைக்கப்பட்டது. படகுகள் கரையில் நின்றன. கொரோனாவைச் சோதிக்கத் தொடக்கத்தில் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டைத்தான் நம்பி இருந்தோம். பிறகு திருநெல்வேலியிலும், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியிலும் அந்தச் சோதனை வந்தது.

ஜூன் 2-ந் தேதி, கொழும்பில் தவித்த ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல் ஜலஷ்வா தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. ஜூலை 1-ந் தேதி அதே கப்பல் ஈரானில் இருந்து வந்தது. அதில் மீனவர்கள் நிறைய.

அன்று கொழும்புக்குப் போகிறவனைத் தட்டப்பாறையில் நிறுத்தினார்கள். 2020-ல் கொழும்பில் இருந்து வந்தவரையும் தனிமையில்தான் வைத்தார்கள். வித்தியாசம், மூக்கில் விட்டு எடுத்த ஒரு குச்சி! "உனக்கு இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்ல ஒரு தாள் இருந்தது. அந்தத் தாள் ஒரு நாள் முன்னால் வந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் முன்னால் மூச்சு வந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியுமா? ஊருக்குள் வெள்ளம் நின்றால் சாக்கடை எது, குடிநீர் எது என்று பிரித்துச் சொல்லப் பரிசோதனைக்கூடத்தைத் தவிர வேறு ஆள் இல்லை.

புயல் வரும்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். எத்தனையாம் எண் கூண்டு என்று கரையில் இருக்கும் சின்னப் பையன் கூடச் சொல்வான். அதுபோல, இந்த வாரம் நம் ஊரில் இருந்து எத்தனை மாதிரி சோதனைக்குப் போயிற்று, எத்தனைக்குப் பதில் வந்தது, எந்தத் தெருக் குழாயில் குளோரின் இல்லை என்று பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட்டால் என்ன? பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு சாக்பீஸ் செலவு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.