வியன்புனைவு தமிழில் இல்லையா?

மேலைநாட்டு வியன்புனைவு நூல்களை விரும்பிப் படிக்கும் நம் இளைஞர், "தமிழில் இத்தகையோர் எவருளர்?" என வினவுகின்றனர். அவர்க்குக் கடலூரையும் தில்லையையும் சுட்டுவோம்.

கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பெற்ற நாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாகக் கரையேறினார் எனப் பெரியபுராணம் கூறும் இடம் திருப்பாதிரிப்புலியூர். அவ்வூரிலேயே 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்தார். 1943-இல் அவர் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், கடவுளே சென்னைத் தெருவில் வந்து நிற்கின்றார். பிழைப்புக்காக ஆடியும் காட்டுகின்றார். அது கலையன்றென ஒதுக்கப்படுகின்றார். கூத்தனுக்கே இந்நிலை! அவர்தம் 'கபாடபுரம்' கடல்கொண்ட பழநகரைக் கண்முன் நிறுத்தும். தில்லையில் வாழ்ந்து 1985-இல் மறைந்த மௌனியின் கதைகளோ, கனவும் நனவும் மயங்கும் எல்லையில் நிகழ்வன.

"இவர்தம் நடையில் வடசொல் மலிந்துளதே; தனித்தமிழர் தொடலாமோ?" என அன்பர் சிலர் தயங்குவர். தயக்கம் நேர்மையானதே. ஆயினும், பதருண்டென்று நெற்களத்தையே விட்டுச் செல்லும் உழவருண்டோ? நாம் விலக்க வேண்டுவது சொற்கலப்பை, புனைவாற்றலை அன்று. இவற்றையும் நாம் மறைத்துவிட்டால், இளைஞர் தூயதமிழுக்கு வாரார்; ஆங்கிலத்திற்கே போவர்.

புதுமைப்பித்தன் நூல்கள் 2002-இல் நாட்டுடைமையாயின; எளிதிற் கிடைப்பன. படியுங்கள். படித்தபின், அவற்றினும் வியத்தகு புனைவொன்றைத் தூயதமிழில் எழுதிக் காட்டுங்கள். கலப்புநடைக்கு நாம் தரத்தக்க விடை அதுவே. வெறும் கடிந்துரை அன்று.