ஏடு நம் பிள்ளைகளுடையது!

பரீட்சை முடிவு வந்த வாரமே எங்கிருந்தோ ஒரு கல்லூரித் தரகர் போன் செய்கிறார். பிள்ளையின் பெயர் தெரிகிறது, மார்க்கும் தெரிகிறது. யார் கொடுத்தது? பதில் இல்லை. அதே பிள்ளை பள்ளிக்குப் போய் டி.சி. கேட்டால், "ஃபீஸ் பாக்கியைக் கட்டு, அப்பாவைக் கூட்டி வா" என்கிறார்கள். தரகனுக்குத் திறக்கிற பீரோ உரியவனுக்குப் பூட்டிக் கொள்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த நமக்குக் காடு கழனி சாட்சி சொல்லாது, காகிதம்தான் சொல்லும். அந்தக் காகிதத்தில் இனிஷியல் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம். திருத்துவதற்கு அலைந்து நாள் கூலியை இழப்பவர்கள் நாம்தான்.

இப்போது 'அபார்' எண் வந்திருக்கிறது. ஆதாரோடு இணைத்து, பிள்ளையின் படிப்பு விவரம் முழுவதையும் ஒரே எண்ணின் கீழ் சேர்க்கும் ஏற்பாடு. இது கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. மைனர் பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பள்ளிகள் நம் தாய்மார்களுக்குத் தமிழில் படித்துக் காட்டின? மைனருக்காக வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை மேஜரான பிறகும் காலம் முழுக்க ஓட்டலாமா? 18 வயதில் ஓட்டுப் போடு என்கிறார்கள். உன் ஏட்டை யார் பார்க்கலாம் என்று அதே 18 வயதில் கேட்க ஒருவரும் வருவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011இலேயே அதே நீதிமன்றம் சொன்னது. கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. டி.சி. ஃபீஸ் வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கண்டித்தது. 2023இன் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டுமே பெற்றோர் சம்மதம் கேட்கிறது. தன் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. ஆனால் விதிகள் வெளிவந்ததோ 2025 நவம்பரில். முக்கியப் பிரிவுகளுக்கு மேலும் 18 மாத அவகாசம்! அமெரிக்காவில் 1974இலேயே சட்டம் போட்டு, 18 வயதானதும் இந்த உரிமையைப் பெற்றோரிடமிருந்து மாணவருக்கே மாற்றிவிட்டார்கள்.

"பெற்ற நாங்கள் மார்க்கைப் பார்க்கக் கூடாதா?" என்று சில பெற்றோர் கேட்கலாம். தாராளமாகப் பாருங்கள், பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்குத் தெரியாமல் அவள் ஏட்டை நமக்குக் காட்டும் குமாஸ்தா, நாளைக்கு வேறு எவனுக்கும் காட்டுவான். பெண்ணின் அனுமதி என்ற பூட்டுத்தான் நம் வீட்டுக்கும் காவல்.

அரசு ஊழியருக்கு அவருடைய சர்வீஸ் புத்தகத்தை ஆண்டுதோறும் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கொத்தனார் மகளுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

நாம் கேட்பது மூன்று. 18 வயதானதும் சம்மதத்தைப் பிள்ளையிடமே புதிதாகக் கேள். ஏட்டைக் காட்டு, பிழையை அலைக்கழிக்காமல் திருத்து. பாக்கியைக் காட்டி டி.சி.யை அடகு பிடிக்காதே.

பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மனு எழுதுவோம். கையெழுத்தை அவர்களே போடட்டும்!